சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச்: வாங்குமுன் எழும் கேள்விகள்

கட்டைவிரல் அளவில், சாவி வளையத்திலேயே கிடக்கும் டார்ச்சைப் பற்றி மட்டுமே இந்தப் பக்கம். மலையேற்றத்துக்கான பெரிய விளக்குகளும் நெற்றியில் கட்டும் விளக்குகளும் இங்கே வரவில்லை. இந்தப் பதில்கள் நடுநிலையானவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சிறிய டார்ச்சில் பார்க்க வேண்டியது அதன் மிகக் குறைந்த வெளிச்சத்தைத்தான், மிக அதிக வெளிச்சத்தை அல்ல என்பது என் கட்சி.

கைபேசியிலேயே விளக்கு இருக்கிறதே, தனி டார்ச் எதற்கு?

பாதி வேலைகளுக்குக் கைபேசி போதும், மறுக்கவில்லை. மீதிப் பாதியில்தான் சிக்கல். இரவு பத்து மணிக்கு மின்வெட்டு, ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் சாவி, பூட்டின் துவாரம் தெரியவில்லை. அந்த நேரத்தில் கைபேசியை எங்கிருந்து எடுப்பது? சாவியோடு டார்ச் இருந்தால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் குனிந்து பார்க்கும்போதும், சாக்கடையில் விழுந்த நாணயத்தைத் தேடும்போதும் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை நீட்டிக்கொண்டிருக்க மனம் வராது. கைபேசியின் ஒளி பரந்து சிதறும். மீட்டர் பெட்டியின் மூலை, ஸ்கூட்டர் என்ஜினின் அடிப்பகுதி போன்ற இடுக்குகளுக்குள் அதைத் திருப்புவதும் கடினம். மின்சாரம் போன நேரத்தில் கைபேசியின் பேட்டரியைப் பேசுவதற்காக மிச்சம் வைப்பதும் நல்லது.

எத்தனை லூமன் வேண்டும்?

கடைக்காரர்கள் 300, 500, 1000 என்று அடுக்குவார்கள். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. சாவிக்கொத்து டார்ச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை கை எட்டும் தூரத்துக்குள் முடிந்துவிடுபவை. பூட்டுத் துவாரம், மருந்து அட்டையில் காலாவதித் தேதி, பஸ் இருக்கைக்கு அடியில் விழுந்த டிக்கெட்: இதற்கெல்லாம் 1 முதல் 5 லூமன் தாராளம். இருண்ட படிக்கட்டில் இறங்க 10 முதல் 20. தெருவிளக்கு எரியாத சந்தில் நடக்க 30 முதல் 60. நூறுக்கு மேல் போவது எப்போதாவது ஒரு நிமிடம் தேவைப்படும் ஆடம்பரம்.

மேக்லைட் நிறுவனத்தின் சொலிடேர் என்ற சாவிக்கொத்து டார்ச் 1988-இல் வந்தது. இழை பல்பு, ஒற்றை பேட்டரி, வெளிச்சம் வெறும் 2 லூமன். அதை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை காலம் தள்ளியிருக்கிறது. பின்னால் வந்த அதன் எல்இடி வடிவம் 47 லூமன் தந்தது.

இன்னொன்று. நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒளி நான்கு மடங்கானால்தான் ஏறக்குறைய இரு மடங்கு போலத் தோன்றும். ஆகவே 100 லூமனுக்கும் 150 லூமனுக்கும் உள்ள வேறுபாடு விலைச் சீட்டில் தெரியும் அளவுக்குச் சுவரில் தெரியாது.

அப்படியானால் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இருட்டுக்குக் கண் முழுவதுமாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நள்ளிரவில் எழுந்து குளியலறைக்குப் போகும்போது நூறு லூமனைத் தட்டிவிட்டால் பழகிய கண் ஒரு நொடியில் பாழ். பக்கத்தில் தூங்கும் குழந்தையும் விழித்துக்கொள்ளும். ஒரு லூமனுக்கும் குறைவான ஒளியில் கட்டிலும் கதவும் தெரியும், தூக்கமும் கெடாது. வாங்கும்போது, டார்ச்சை முதலில் இயக்கியதும் எந்த நிலையில் எரிகிறது என்று பாருங்கள். குறைந்த ஒளியில் தொடங்கி மேலே போவது நல்ல வடிவமைப்பு. எடுத்த எடுப்பில் முழு வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பது, கடையில் வாங்குபவரை மயக்கச் செய்த வடிவமைப்பு.

பெட்டியில் '60 மீட்டர்' என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?

சொல்லும் அர்த்தத்தில் உண்மை. நாம் நினைத்துக்கொள்ளும் அர்த்தத்தில் இல்லை. எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலையின்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குத் தேய்ந்துபோகும் இடமே அதன் தூரம். 0.25 லக்ஸ் என்பது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சம். ஆக, 60 மீட்டர் தொலைவில் நிலவொளி அளவுக்கு வெளிச்சம் விழும், அவ்வளவுதான். ஒளிக்கற்றையின் செறிவு கேண்டெலாவில் கொடுக்கப்பட்டிருந்தால் நீங்களே கணக்குப் போடலாம்: அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீட்டரில் வரும். 900 கேண்டெலா என்றால் 60 மீட்டர். பயன்படும் தூரம் என்று அதில் பாதியைக்கூட நான் வைத்துக்கொள்ள மாட்டேன். சாவிக்கொத்து டார்ச்சுக்குத் தூரம் தேவையும் இல்லை. சீராகப் பரவும் ஒளியே மேல்.

'10 மணி நேரம் எரியும்' என்பது?

இங்கேதான் வாங்குபவர் அதிகம் ஏமாறுகிறார். அதே தரநிலையில், தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரம் முழுவதையும் 'எரியும் நேரம்' என்று போடலாம். மூன்று நிமிடம் முழு வெளிச்சம், பிறகு நெடுநேரம் மங்கல் என்றாலும் பெட்டியில் பெரிய எண்ணை அச்சடிக்கத் தடையில்லை. முழு வெளிச்சம் நிலைக்காததற்குச் சூடும் ஒரு காரணம். இருபது கிராம் உலோகம் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள முடியாமல், மின்சுற்று தானே ஒளியைக் குறைத்துக்கொள்கிறது.

சரிபார்க்க எளிய வழி பேட்டரியின் ஆற்றலைக் கணக்கிடுவதுதான். கட்டைவிரல் டார்ச்சுக்குள் இருக்கும் சிறு லித்தியம் செல் 80 மில்லிஆம்பியர்-மணி கொண்டது என்று வையுங்கள். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 0.3 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தோராயமாக எடுத்தால் கையில் இருப்பது 30 லூமன்-மணி. அதில் 130 லூமன் கால் மணி நேரம்கூட ஓடாது; 5 லூமன் ஆறு மணி நேரம் ஓடும். குறைந்த ஒளியில் எல்இடியின் திறன் கூடும் என்பதால் நல்ல தயாரிப்பில் இதைவிட அதிகமும் கிடைக்கலாம். ஆனால் இந்த அளவுச் செல்லை வைத்துக்கொண்டு '300 லூமன், 10 மணி நேரம்' என்று ஒரே மூச்சில் சொன்னால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த பேட்டரி உள்ள டார்ச்சை வாங்குவது?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கு நேரம் செலவிடுங்கள். பதில் டார்ச்சைப் பொறுத்ததல்ல, உங்கள் குணத்தைப் பொறுத்தது.

முதல் வகை, பட்டன் பேட்டரி. மிக மெலிது, மிக லேசு. சிஆர் 2032 என்ற எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூன்று வோல்ட் லித்தியம் என்பதால் பல ஆண்டுகள் சும்மா கிடந்தாலும் சக்தி அதிகம் குறையாது. ஆனால் வேகமாக மின்சாரம் தராது. ஒளி சிறிது சிறிதாக மங்கிக்கொண்டே போகும். கடைவீதியில் லேசரோடு சேர்த்து விற்கும் மலிவு டார்ச்சுகளில் எல்ஆர் 44, எல்ஆர் 41 போன்ற இன்னும் சிறிய 1.5 வோல்ட் செல்களை மூன்று, நான்காக அடுக்கியிருப்பார்கள். புது செல் வாங்கும் விலைக்குப் புது டார்ச்சே கிடைத்துவிடும். அதனாலேயே அவை குப்பைக்குப் போகின்றன.

இரண்டாவது வகை, டிரிபிள்-ஏ, அதாவது டிவி ரிமோட்டில் போடும் ஒல்லி பேட்டரி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதே இதன் பெருமை. வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் தேவை. ஒற்றைச் செல்லில் இருப்பது 1.5. ஆகவே உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சுற்று இருக்கும். அது நன்றாக இருந்தால் பேட்டரி தீரும்வரை ஒளி மாறாமல் நிற்கும். பேட்டரி மட்டுமே பதினொரு, பன்னிரண்டு கிராம் இருக்கும் என்பதால் சட்டைப்பையில் கொஞ்சம் கனக்கும்.

மூன்றாவது வகை, யூஎஸ்பி மூலம் சார்ஜ் செய்யும் உள்ளமைந்த லித்தியம் பேட்டரி. சிறிய உருவத்தில் அதிக ஒளி. பேட்டரியை மாற்ற முடியாது. சில ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்தால் டார்ச்சும் முடிந்தது.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நினைவாகச் சார்ஜ் போடுகிறவரா? யூஎஸ்பி வாங்குங்கள். ஒரு பொருளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த பொங்கலுக்குத்தான் தேடுவீர்கள் என்றால் டிரிபிள்-ஏ வாங்குங்கள். உள்ளே சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டிரிபிள்-ஏ செல்லைப் போட்டு வையுங்கள். அது ஒழுகாது, எட்டு கிராமுக்குள்தான் இருக்கும், பத்து ஆண்டு கழித்தும் பெருமளவு சக்தி மிச்சமிருக்கும். விலை அதிகம்தான். என் ஓட்டு டிரிபிள்-ஏவுக்கே.

சாதாரண ஆல்கலைன் பேட்டரி போடக் கூடாதா?

போடலாம், அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால். நாள்பட்ட ஆல்கலைன் செல் ஒழுகும். உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தை அரித்து, செல்லை டார்ச்சோடு ஒட்ட வைத்துவிடும். லேசான ஒழுகலாக இருந்தால் பஞ்சில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்துவிட்டு நன்றாக உலர விடுங்கள். கெட்டியாக இறுகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரீசார்ஜ் டிரிபிள்-ஏ எப்படி?

தினமும் பயன்படுத்துபவருக்கு அதுவே சிறந்தது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 1.2 வோல்ட், அதிக ஒளி கேட்கும்போது ஆல்கலைனைவிடச் சளைக்காமல் மின்சாரம் தரும். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் என்ற ரீசார்ஜ் பேட்டரி வந்த பிறகு, சும்மா இருக்கும்போதே சக்தி வடிந்துபோகும் பழைய குறை பெருமளவு தீர்ந்தது.

10440 என்ற எண்ணில் ஒரு லித்தியம் செல் கிடைக்கும். டிரிபிள்-ஏவின் அதே அளவு: 10 மில்லிமீட்டர் விட்டம், 44 மில்லிமீட்டர் நீளம். ஆனால் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. உங்கள் டார்ச் அதை ஏற்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் சில நொடிப் பிரகாசத்துக்குப் பிறகு சுற்று கருகிவிடும்.

என் யூஎஸ்பி-சி டார்ச் கைபேசியின் புதுச் சார்ஜரில் சார்ஜ் ஆகவில்லை. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை, தயாரிப்பாளரின் கஞ்சத்தனம். இரு முனையும் சி வகையாக இருக்கும் கேபிளில், மறுமுனையில் உள்ள பொருளுக்குள் 5.1 கிலோ-ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்கும். சில காசு மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விடுகிறார்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி, மறுமுனை சி என்று இருக்கும் கேபிளில் போட்டுப் பாருங்கள், சார்ஜ் ஆகும்.

தலையைத் திருகும் வகையா, பொத்தானா?

திருகும் வகையில் கெட்டுப்போக உறுப்புகள் குறைவு. தண்ணீரும் எளிதில் புகாது. ஒற்றைக் கையால் இயக்கக் கொஞ்சம் பழக வேண்டும்; எண்ணெய்க் கையோடு இயக்க முடியாது. பொத்தான் வகை வசதியானது, ஆனால் பையில் மற்ற சாவிகள் அழுத்தித் தானாக எரிந்துவிடும். தொடை திடீரென்று சுடுகிறதே என்று கையை விட்டுப் பார்த்தால் டார்ச் எரிந்துகொண்டிருக்கும். பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல டார்ச்சுகளில் மின்தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும்.

ஒரு அழுத்தலுக்கு இது, இரண்டுக்கு அது, நீண்ட அழுத்தலுக்கு மின்னல் விளக்கு என்று பாடம் எடுக்கும் டார்ச்சுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பதற்றத்தில் இருப்பவர் எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார்.

வெள்ளை ஒளி நல்லதா, மஞ்சள் ஒளியா?

நிறத்தைவிட, அந்த ஒளியில் பொருள்களின் நிறம் சரியாகத் தெரிகிறதா என்பதே முக்கியம். இதைச் சிஆர்ஐ என்ற அளவால் குறிப்பார்கள். 100 முழு மதிப்பெண். பல மலிவு எல்இடிகள் 70-ஐ ஒட்டி நிற்கும். நீலம் கலந்த வெண்மை, சிவப்பெல்லாம் பழுப்பு. ஒயரின் நிறத்தைப் பார்த்து இணைப்பவர், மாத்திரையை நிறத்தால் அடையாளம் காணும் பெரியவர், காயத்தைப் பார்க்க வேண்டியவர் ஆகியோருக்கு 90-க்கு மேல் உள்ளது நிஜமாகவே உதவும். அதற்காகக் கொஞ்சம் லூமனை இழக்க வேண்டியிருக்கும். இழக்கலாம்.

மழையில் நனைந்தால்?

நீரைத் தாங்கும் திறனை ஐபிஎக்ஸ் என்ற எண்ணால் குறிப்பார்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் ஸ்கூட்டர் ஓட்டுபவர் 7 அல்லது 8 பார்த்து வாங்குவது நல்லது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்குதான் முதலில் தளரும் இடம்; அது இல்லாமல், திருகி மூடும் வடிவமாக இருந்தால் மேல்.

பைக் சாவியோடு மாட்டலாமா?

மாட்டலாம், கனமாக இல்லாவிட்டால். ஓடும் வண்டியின் அதிர்வில் திருகு டார்ச்சின் தலை மெல்லத் தளர்ந்து, வீடு வந்து பார்த்தால் வளையத்தில் தலை மட்டும் தொங்கும், உடல் எங்கோ சாலையில். வளையம் எந்தப் பாதியில் இருக்கிறது, திருகு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். கழற்றி மாட்டும் சிறு கொக்கி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், வண்டியில் சாவி மட்டும், பையில் டார்ச் என்று வைத்துக்கொள்ளலாம்.

அலுமினியமா, டைட்டானியமா?

அலுமினியம். டைட்டானியம் அழகு; சூட்டைக் கடத்துவதில் மந்தம். பணம் மிச்சமானால் நல்ல பேட்டரி வாங்குங்கள்.

வயல் பக்கம் இரவில் நடக்க இது போதுமா?

போதாது. பாம்புக்கு அஞ்சி வெளிச்சம் தேடுபவர் கையில் பிடிக்கும் பெரிய டார்ச்சும் தடியும் கொண்டுபோக வேண்டும், மூடிய செருப்பும் அணிய வேண்டும். சாவிக்கொத்து டார்ச் வீட்டுக்குள்ளும் வாசலிலும் உதவும். இரவில் நடமாடும் கட்டுவிரியன் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது தெரிந்த விஷயம். பாயை விரிக்கும் முன் ஒரு முறை, இருட்டில் காலைக் கீழே வைக்கும் முன் ஒரு முறை வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

பட்டன் பேட்டரி உள்ளதைக் கொடுக்கவே கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். லேசர் சேர்ந்த டார்ச்சும் பிள்ளைகள் கையில் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

பெரியவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதானால் ஒரே நிலை, ஒரே இயக்கம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவுக்கு வேண்டியது எரிகிற டார்ச், கையேடு அல்ல.

புற ஊதா விளக்கு சேர்ந்த டார்ச்சால் பயன் உண்டா?

கடைக்காரருக்கு உண்டு. நம் ரூபாய் நோட்டுகளில் எண் அச்சிட்ட பகுதியும் தாளில் கலந்த இழைகளும் அந்த ஒளியில் ஒளிரும். மற்றவருக்கு ஒரு வாரத்துக்கு வேடிக்கை.

பெயர் சொல்லி ஏதாவது பரிந்துரைக்க முடியுமா?

மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் வகைக்கு ஒன்று சொல்கிறேன். ஓலைட் ஐ3இ: டிரிபிள்-ஏ, ஒரே நிலை, 90 லூமன், திருகினால் எரியும். பெரியவர்களுக்கு ஏற்றது. துரூநைட் டிஐ3: அதே பேட்டரி, ஆனால் 0.04 லூமனில் தொடங்கி மேலே ஏறும். மேலே நான் வாதாடியது முழுவதும் இப்படிப்பட்ட டார்ச்சுக்காகத்தான். ஓலைட் ஐ1ஆர் 2: விரல் நுனி அளவு, யூஎஸ்பி சார்ஜ், 5 மற்றும் 150 லூமன். நினைவாகச் சார்ஜ் போடுபவருக்கு இது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் சுற்றினால் பலவற்றைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். படத்தில் பார்ப்பதைவிட, மூடிய கைக்குள் வைத்துத் திருகிப் பார்ப்பதில் அதிகம் தெரியும்.

பராமரிப்பு?

அதிகமில்லை. திருகு மரையைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். சார்ஜ் துளையில் அடையும் பஞ்சைப் பல்குச்சியால் எடுங்கள். லித்தியம் உள்ளதை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டும் வைக்காதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கையோடு கொண்டுபோகலாம். தனியாக எடுத்துச் செல்லும் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள்.

இருட்டில் சமையல் வாயு கசிந்த வாடை வருகிறது. டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

கூடாது. சாதாரண டார்ச்சின் சுவிட்சும் சிறு பொறியை உண்டாக்கலாம். வீட்டு விளக்குக்குச் சொல்லும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்: அணைந்திருந்தால் ஏற்றாதீர்கள், எரிந்துகொண்டிருந்தால் அணைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். முடிந்தால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வாசலைத் தாண்டிய பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.